இபே ஏன் ஸ்டம்பிள்அப்பானைக் கைகழுவிச்சு? ஒரு நிகழ்வு ஆய்வு

2008 செப்டம்பர்ல சிலிக்கான் வேலில ஒரு செய்தி கசிஞ்சுது. இணைய ஏலக் கடை இபே, தான் வாங்கின ஸ்டம்பிள்அப்பான்ங்கற வெப் சர்வீஸை விக்கப் பாக்குது, அதுக்கு டாய்ச்சு பேங்க் கிட்ட பொறுப்பை ஒப்படைச்சிருக்குன்னு. வாங்கி ஒன்றரை வருஷம்கூட முழுசா ஆகல. 2007 மே 30-ம் தேதி 7.5 கோடி டாலர் குடுத்து வாங்கினோம்னு அவங்களே அறிவிச்சிருந்தாங்க. அதே செப்டம்பர்லதான் லேமன் பிரதர்ஸ்ங்கற பெரிய அமெரிக்க பேங்க் விழுந்துச்சு, ஊரே பணத்தைப் பூட்டி வெச்சுட்டு உக்காந்திருந்த நேரம், அப்ப போய் இவங்க கடையை விரிச்சாங்க.

உடனே பல பேரு சொன்னது, இது ஒரு தோத்துப்போன டீல்னு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இபே வாங்கும்போது ஸ்டம்பிள்அப்பானுக்கு சுமார் 23 லட்சம் யூசர், 2009 ஏப்ரல்ல வெளிய வரும்போது 75 லட்சம். ரெண்டு வருஷத்துல மூணு மடங்குக்கு மேல. இதத் தோல்வின்னு எப்படிச் சொல்றது? இந்தக் கேஸ்ல சர்வீஸ் நல்லாத்தான் ஓடுச்சு, வாங்கும்போது சொன்ன காரணம்தான் ஓடல. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாத்தாதான் இபே பண்ணது சரியா தப்பான்னு பேச முடியும்.

முதல்ல இது என்ன சர்வீஸ்னு இப்ப உள்ள பசங்களுக்குச் சொல்லணும். பிரவுசர்ல ஒரு டூல்பார் போட்டுக்கணும், முதல்ல ஃபயர்பாக்ஸ்லதான் ஜாஸ்தி ஓடுச்சு. உங்களுக்கு என்னென்ன புடிக்கும்னு ஒரு லிஸ்ட்ல டிக் பண்ணணும், வானியல், சமையல், போட்டோகிராபி, லினக்ஸ், இந்த மாதிரி. அப்புறம் ஸ்டம்பிள்னு ஒரே ஒரு பட்டன். அமுக்கினா எங்கயோ கெடக்குற ஒரு வெப் பக்கம் வந்து முன்னாடி நிக்கும். புடிச்சா கட்டைவிரல் மேல, புடிக்கலைன்னா கீழ. உங்க ரசனையோட ஒத்துப்போற மத்த ஆளுங்க எதுக்கெல்லாம் மேல காட்டுனாங்களோ அத உங்களுக்கு அடுத்தடுத்து காட்டும். தேடுறதுக்கு வார்த்தை டைப் பண்ண வேண்டியதே இல்ல, என்ன வேணும்னு உங்களுக்கே தெரியாதப்ப யூஸ் ஆகுற சாமான் இது. கூகுளுக்கு நேர் எதிர் வேலை.

ஆரம்பிச்சது கனடாவுல, கால்கரி நகரத்துல, 2001 கடைசில. காரெட் கேம்ப் அங்க யுனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் பண்ணிட்டு இருந்த பையன், ஜெஃப் ஸ்மித்தும் இன்னும் ஒண்ணு ரெண்டு நண்பர்களும் கூட. சில வருஷம் பெரிய முதலீடு எதுவும் இல்லாமலே ஓட்டுனாங்க, அப்புறம்தான் சான் பிரான்சிஸ்கோவுக்கு எடுத்துட்டு வந்து ஏஞ்சல் இன்வெஸ்டர்ங்க, அதாவது ஆரம்பத்துலயே சொந்தக் காசு போடுறவங்க கிட்ட பணம் வாங்குனாங்க. அந்த ஏஞ்சல்ங்கள்ல ஒருத்தர் ராம் ஸ்ரீராம், சென்னைல பொறந்து லயோலா காலேஜ்ல படிச்சவர், கூகுள்ல ஆரம்பத்துலயே பணம் போட்டு அங்க போர்டுலயும் இருந்தவர். இவரு பேரை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

காசு வர்ற வழியும் வித்தியாசமானது. ஓரத்துல பேனர் எல்லாம் கெடையாது. நீங்க பட்டனை அமுக்கிட்டே போகும்போது நடுநடுவுல விளம்பரதாரரோட பக்கமே முழுசா வந்து நிக்கும், அப்படி வர்ற ஒவ்வொரு விசிட்டுக்கும் அவரு 5 சென்ட் குடுக்கணும். விளம்பரம்னு எரிச்சலாகாம பாக்கலாம், புடிச்சிருந்தா அதுக்கும் கட்டைவிரல் மேல காட்டலாம், அப்படிக் காட்டுனா அது இன்னும் நெறைய பேருக்கு ஓசிலயே போகும். அழகான ஏற்பாடு. ஆனா கணக்கைப் பாருங்க, ஒருத்தர் 100 தடவ அமுக்கி அதுல 5 விளம்பரம் வந்துச்சுன்னு வெச்சுக்கிட்டா வர்றது 25 சென்ட். சின்ன டீம் வெச்சு லாபமா ஓட்டலாம். இபே மாதிரி ஒரு யானைக்கு இது எந்தப் பக்கத்துப் பல்லுல ஒட்டும்?

யானைன்னு சும்மா சொல்லல. 2007-ல இபேயோட வருமானம் சுமார் 767 கோடி டாலர். அதாவது ஒரு நாளைக்கு 2 கோடி டாலருக்கு மேல. ஸ்டம்பிள்அப்பானை வாங்கக் குடுத்த காசு அவங்களோட நாலு நாள் வருமானம்கூட இல்ல. இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, இவ்ளோ சின்ன டீலுக்கு உள்ளுக்குள்ள பெருசா யாரும் சண்டை போட மாட்டாங்க, வாங்கலாமா வேணாமான்னு வாரக்கணக்குல மண்டையை உடைச்சுக்க மாட்டாங்க. ஈஸியா வாங்குவாங்க, அதே ஈஸியோட மறந்தும் போவாங்க. பெரிய கம்பெனிக்குள்ள மாட்டுன சின்ன சர்வீஸுக்கு முதல் ஆபத்தே அந்த மறதிதான், விக்கிறது அதுக்கப்புறம் வர்ற விஷயம்.

சரி, அப்ப ஏன் வாங்குனாங்க? அந்த நேரத்து காத்து அப்படி. 2005 கடைசில யாஹூ, புடிச்ச லிங்கை சேத்து வெக்கிற டெலிஷியஸை வாங்கிடுச்சு, 2006-ல கூகுள் யூட்யூபை வாங்கிடுச்சு, கூட்டம் கூடுற எடத்தையெல்லாம் யாராவது ஒருத்தர் வளைச்சுப் போட்டுட்டு இருந்தாங்க. ஸ்டம்பிள்அப்பான் விஷயத்துலயே கூகுள், ஏஓஎல் பேரெல்லாம் அடிபட்டுச்சு. இபே கிட்ட மெக் விட்மன் தலைமைல ஒரு கதை இருந்துச்சு: நாங்க வெறும் ஏலக் கடை இல்ல, வியாபாரம், பணப் பட்டுவாடா, தகவல் தொடர்பு மூணும் எங்க கிட்ட இருக்கு, கம்யூனிட்டி எங்க ரத்தத்துல ஊறினதுன்னு. அந்தக் கதைல ஸ்டம்பிள்அப்பானை எங்க சொருகுறதுன்னு கேட்டா, அதுவும் கம்யூனிட்டிதானே, மக்கள் புதுசு புதுசா கண்டுபிடிக்கிறாங்க, நாளைக்கு நம்ம கடைல உள்ள பொருளையும் கண்டுபிடிக்கலாமேன்னு ஒரு பதில். கேக்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா நெஜத்துல அங்கதான் முட்டுச்சு. சும்மா மேயுற மனசுல இருக்குற ஆளு வேற, வாங்குற மனசுல இருக்குற ஆளு வேற. ராத்திரி தூக்கம் வராம பட்டனை அமுக்கிட்டு இருக்கறவன் முன்னாடி பழைய கேமரா ஏலப் பக்கத்தைக் கொண்டுவந்து வெச்சா கட்டைவிரலைக் கீழ காட்டிட்டுப் போய்டுவான். போதாததுக்கு ஏலப் பக்கம் சில நாள்ல காலாவதி ஆயிடும். ஸ்டம்பிள்அப்பான் ஓடுறதே பல மாசமா பல பேரு ஓட்டு போட்டு மேல வந்த பக்கங்களை வெச்சு, ஏழு நாள்ல முடியிற ஏலம் ஓட்டு சேருறதுக்குள்ள செத்துடும். இத ஒரு டெக்னிக்கல் விஷயமா யாரும் அப்ப பெருசா பேசல, ஆனா என்னைக் கேட்டா மொத்த இணைப்பும் வெறும் பேச்சாவே நின்னதுக்கு இது ஒண்ணே போதும்.

இபே வாங்கினதுல நல்லா ஒட்டுனது எதுன்னு பாத்தா இன்னும் தெளிவாகும். 2002-ல வாங்கின பேபால், 150 கோடி டாலர், ஏலம் முடிஞ்சு கட்டற பணம் அது வழியாப் போச்சு. 2007 ஆரம்பத்துல, ஸ்டம்பிள்அப்பானுக்கு சில மாசம் முன்னாடி, 31 கோடி டாலருக்கு வாங்கின ஸ்டப்ஹப், மேட்ச் டிக்கெட்டும் கச்சேரி டிக்கெட்டும் கை மாத்தி விக்கிற எடம், ஒவ்வொரு டிக்கெட்லயும் கமிஷன். ரெண்டுமே யாரோ யாருக்கோ விக்கும்போது நடுவுல நின்னு ஒரு பங்கு எடுக்குற தொழில், இபே ஆளுங்களுக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரிஞ்ச தொழில். ஸ்டம்பிள்அப்பான் பண்றது என்னன்னா வந்த ஆளை வேற எவனோட பக்கத்துக்கோ அனுப்பி வெக்கிறது. ஆளைத் தன் கடைக்குள்ளயே வெச்சுக்கறதுதான் இபேயோட பொழப்பு. ரெண்டும் எதிர் எதிர் திசை.

இதே மாதிரி, ஆனா பல மடங்கு பெருசா, ஒரு கோளாறு ஏற்கனவே அவங்க மடில எரிஞ்சுட்டு இருந்துச்சு: ஸ்கைப். 2005-ல சுமார் 260 கோடி டாலருக்கு வாங்குனாங்க, வாங்கறவனும் விக்கிறவனும் போன்ல பேசிப்பாங்கன்னு ஒரு கணக்கு. யாரும் பேசல, பேசணும்னு யாருக்கும் தேவையும் இல்ல. 2007 அக்டோபர்ல ஸ்கைப் சம்பந்தமா சுமார் 140 கோடி டாலரை நஷ்டக் கணக்குல எழுதுனாங்க. ஸ்டம்பிள்அப்பானை வாங்கி நாலே மாசம். அதுக்கப்புறம் வால் ஸ்ட்ரீட்ல யாரும் இபே வாயிலேர்ந்து புது ஐடியா கேக்கற மூடுல இல்ல.

2008 மார்ச் கடைசில ஜான் டோனஹோ சிஇஓ ஆனாரு. பெய்ன் கன்சல்டிங் கம்பெனிலேர்ந்து வந்தவர், மூணு வருஷமா ஏலக் கடை பக்கத்தைப் பாத்துட்டு இருந்தவர். நாற்காலில உக்காருறதுக்கு முன்னாடியே, ஜனவரி கடைசில, கட்டண முறைய மாத்தறோம்னு அறிவிச்சாரு, விக்கிறவங்க வாங்கறவங்களுக்கு மோசமான ரேட்டிங் குடுக்க முடியாதுன்னு ரூல் போட்டாரு, விக்கிறவங்க கடுப்பாகி பகிஷ்காரம் வரைக்கும் போனாங்க. அமேசான் பின்னாடி வந்து கழுத்துல மூச்சு விட்டுட்டு இருந்துச்சு. 2008 அக்டோபர்ல பத்துல ஒரு பங்கு ஆளுங்களை, சுமார் 1,000 பேரை, வேலைய விட்டு எடுக்குறோம்னு சொன்னாங்க, அதே நாள்ல பில் மீ லேட்டர்ங்கற கடன் சேவையையும் டென்மார்க்ல ரெண்டு விளம்பர சைட்டையும் நூறு கோடி டாலருக்கு மேல குடுத்து வாங்கறோம்னும் சொன்னாங்க. ஒரே நாள்ல ரெண்டு அறிவிப்பு, மனசாட்சி கொஞ்சம் உறுத்தற காம்பினேஷன்தான், ஆனா கம்பெனி எந்தப் பக்கம் போகுதுன்னு அதுலயே தெரிஞ்சுது. காசு கட்றது, விக்கிறது, வாங்கறது, இந்த மூணுல சேராதது வெளிய. 2008-ல இபே ஷேர் விலை பாதிக்கும் கீழ போய்டுச்சு, கடைசி மூணு மாசத்துல கம்பெனி வரலாற்றுலயே முதல் தடவையா வருமானம் முந்தின வருஷத்தைவிடக் கொறஞ்சுது. இந்த நெலமைல கட்டைவிரல் பட்டனைப் பத்தி யோசிக்க எந்த டைரக்டருக்கு நேரம் இருக்கும்?

ஒரு சர்வீஸ் விலைக்கு வந்திருக்குன்னு வெளிய தெரிஞ்சா யூசர் என்ன பண்ணுவாங்கங்கறதுதான் இதுல எனக்கு ரொம்ப ஆர்வமான பகுதி. இதுக்கு நல்ல ஜோடிக் கேஸ் டெலிஷியஸ். 2010 டிசம்பர்ல யாஹூவோட உள் மீட்டிங் ஸ்லைடு ஒண்ணு வெளிய வந்துச்சு, மூடப்போற லிஸ்ட்ல டெலிஷியஸ் பேரு. அடுத்த சில மணி நேரத்துலயே ஜனங்க தங்களோட புக்மார்க்கை எல்லாம் டவுன்லோட் பண்ணிட்டு பின்போர்டு மாதிரி சின்ன சர்வீஸுக்கு ஓடுனாங்க. யாஹூ அப்புறம், இல்லல்ல, மூடல, வெளிய வேற வீடு பாக்கறோம்னு சமாளிச்சுது, 2011 ஏப்ரல்ல யூட்யூப் ஆரம்பிச்ச சாட் ஹர்லி, ஸ்டீவ் சென் ரெண்டு பேரும் வாங்குனாங்க, ஆனா கூட்டம் கலைஞ்சது கலைஞ்சதுதான். பல கை மாறி 2017-ல அதே பின்போர்டுக்காரர் 35,000 டாலருக்கு டெலிஷியஸை வாங்கிப் போட்டாரு.

ஸ்டம்பிள்அப்பானுக்கு இது நடக்கல. விக்கப்போறாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு இருந்த அந்த ஏழு மாசமும் யூசர் கூடிட்டேதான் இருந்தாங்க. ஏன்னா டெலிஷியஸ்ல உள்ளது உங்க சொத்து, வருஷக்கணக்கா நீங்க சேத்து வெச்ச லிங்க், அது போய்டுமோன்னு பயம் வரும், எடுத்துட்டு ஓடுவீங்க. ஸ்டம்பிள்அப்பான்ல எடுத்துட்டு ஓட பெருசா என்ன இருக்கு? சில பேரு அதுல பிளாக் மாதிரி எழுதி வெச்சிருந்தாங்க, அவங்களுக்குக் கவலை இருந்திருக்கும், மத்த லட்சக்கணக்கான பேருக்கு நாளைக்கு மூடுனா நாளைக்குப் பாத்துக்கலாம், இன்னிக்கு ஒரு க்ளிக். இபே ரொம்ப அவசரப்படாம விக்க முடிஞ்சதுக்கு இது ஒரு காரணம்னு நெனைக்கிறேன். வதந்தி விலையைத்தான் அடிச்சுது, கூட்டத்தை அடிக்கல.

விலைய எப்படி அடிச்சுதுன்னா, வாங்கறதுக்கு யாரு இருந்தாங்கன்னு யோசிங்க. யாஹூ அப்பதான் மைக்ரோசாஃப்ட் கேட்டதை மறுத்துட்டுத் தானே தடுமாறிட்டு இருந்துச்சு. மைக்ரோசாஃப்ட்டுக்குத் தேடல்ல கூகுளைப் புடிக்கறதுதான் ஒரே வெறி. புதுக் கம்பெனில பணம் போடுற வெஞ்சர் கேபிடல் ஆளுங்க கைல உள்ள கம்பெனிகளையே செலவைக் கொறைன்னு வெரட்டிட்டு இருந்தாங்க. இதுக்கு மேல எந்தப் பெரிய கம்பெனி வாங்குனாலும் இபேக்கு வந்த அதே பிரச்சனை அவங்களுக்கும் வரும், ஆளை வெளிய அனுப்பற மிஷினை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு. இன்னொண்ணு, டீல்ல நெஜமான மதிப்பு அல்காரிதத்துலயும் அதை எழுதுன மண்டைகள்லயும்தான் இருந்துச்சு, வேற எவனாவது வாங்கி கேம்பும் ஸ்மித்தும் கெளம்பிப் போய்ட்டா கைல மிஞ்சுறது ஒரு டூல்பார். ஆக உருப்படியா விலை சொல்லக்கூடிய ஒரே பார்ட்டி, முதல்ல இபேக்கு யாரு வித்தாங்களோ அவங்களேதான்.

அதான் நடந்துச்சு. 2009 ஏப்ரல் 13-ம் தேதி அறிவிப்பு: காரெட் கேம்ப், ஜெஃப் ஸ்மித், கூட ராம் ஸ்ரீராமோட முதலீட்டுக் கம்பெனி ஷெர்பாலோ, அப்புறம் ஆக்செல், ஆகஸ்ட் கேபிடல்ங்கற வெஞ்சர் கேபிடல் கம்பெனிங்க, எல்லாரும் சேர்ந்து கம்பெனியை இபே கிட்டேர்ந்து திருப்பி வாங்கிட்டாங்க. என்ன விலைன்னு ரெண்டு பக்கமும் வாயத் திறக்கல. வித்த மாட்டை, போன எடத்துல நல்லாத் தின்னு கொழுத்தப்புறம், திருப்பி ஓட்டிட்டு வந்த மாதிரிதான். ஸ்ரீராம் ரெண்டு தடவையும் மேசைல இருந்தாரு, விக்கும்போது ஒரு பக்கம், வாங்கும்போது இன்னொரு பக்கம். நம்ம ஊர்க்காரர்னு பெருமைக்குச் சொல்லல, ஒரு இன்வெஸ்டர் வித்த பொருளையே மறுபடி வாங்க வர்றாருன்னா உள்ள என்ன இருக்குன்னு அவருக்கு நல்லாத் தெரியும், இபேக்குத் தெரியலன்னு அர்த்தம்.

அடுத்த நாளே, ஏப்ரல் 14, ஸ்கைப்பைத் தனிக் கம்பெனியா பிரிச்சு ஷேர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோறோம்னு இபே சொல்லுச்சு. ஸ்கைப் நல்ல தொழில்தான், ஆனா இபேயோடவும் பேபாலோடவும் ஒட்டலன்னு டோனஹோ வெளிப்படையாவே ஒத்துக்கிட்டாரு. தேதி ரெண்டும் ஒட்டி வந்தது தற்செயலா இருக்க வாய்ப்பு கம்மி. ஸ்கைப்ல அப்புறம் நடந்தது கொஞ்சம் புத்திசாலித்தனம், அதே வருஷம் பெரும்பங்கை சில்வர் லேக்ங்கற முதலீட்டுக் கம்பெனி தலைமையிலான குரூப்புக்கு வித்துட்டு சுமார் மூணுல ஒரு பங்கைக் கைல வெச்சுக்கிட்டாங்க, 2011-ல மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலர் குடுத்து மொத்தமா வாங்குனப்ப இபேக்கும் அதுல நல்ல காசு.

வெளிய வந்த ஸ்டம்பிள்அப்பானுக்கு முதல் ரெண்டு மூணு வருஷம் ராஜயோகம். 2011 மார்ச்ல 1.7 கோடி டாலர் புது முதலீடு. அதே வருஷம் ஆகஸ்ட்ல வெப் டிராஃபிக்கை அளக்குற ஸ்டாட்கவுண்ட்டர் கணக்குப்படி அமெரிக்காவுல சோஷியல் சைட்டுங்க மத்த வெப்சைட்டுக்கு அனுப்புற டிராஃபிக்ல பாதிக்கு மேல ஸ்டம்பிள்அப்பான்லேர்ந்து, ஃபேஸ்புக்கே ரெண்டாவது எடம். அப்ப ஃபேஸ்புக்குக்குப் பல கோடி யூசர். எப்படின்னா ஃபேஸ்புக்ல ஒரு மணி நேரம் உக்காந்தா நாலு லிங்க் தொடுவீங்க, இங்க ஒவ்வொரு அமுக்கும் ஒரு வெளி விசிட். இபேக்கு உதவாம போன அதே குணம்தான் இங்க பலமா நின்னுச்சு.

அப்புறம் சொதப்பல். 2011 அக்டோபர்ல யூசருங்க எழுதி வெச்சிருந்த பிளாக் வசதியத் தூக்குனாங்க, வருஷக்கணக்கான எழுத்து போச்சு. இபே கைல இருந்தப்ப நடக்காத சேதாரம், சொந்தக்காரங்க கைல நடந்துச்சு. போன் வேற வந்துடுச்சு, டூல்பார் போட அங்க எடமே இல்ல, ஆப் விட்டாங்கதான், ஆனா போன்ல சும்மா விரலைத் தள்ளிட்டே இருந்தா ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் தானா கொண்டுவந்து கொட்டும்போது தனியா ஒரு பட்டன் எதுக்கு? கேம்ப் 2012-ல சிஇஓ நாற்காலிய விட்டு எறங்கிட்டாரு, ஏற்கனவே 2009-லயே டிராவிஸ் கலானிக்கோட சேர்ந்து ஊபர் ஆரம்பிச்சிருந்தாரு, அது வேற லெவல்ல போய்ட்டு இருந்துச்சு. 2013 ஜனவரில ஆள் கொறைப்பு. 2015-ல கேம்ப் மறுபடி பெரும்பங்கை வாங்குனாரு, ரெண்டாவது தடவ. 2018 ஜூன் 30-ம் தேதி மூடிட்டாங்க, கணக்கை மிக்ஸ்ங்கற அவரோட இன்னொரு சர்வீஸுக்கு மாத்திக்கலாம்னு சொன்னாங்க. மூடறப்ப அவரு சொன்ன கணக்கு, மொத்தம் 4 கோடி பேரு, கிட்டத்தட்ட 6,000 கோடி ஸ்டம்பிள்.

அப்ப 2008-ல விக்க நெனைச்சது சரியா? இபே பக்கத்துலேர்ந்து பாத்தா சரி, லேட்டா பண்ண சரி. டோனஹோவோட காலத்துல ஸ்டம்பிள்அப்பான், ஸ்கைப், கடைசில 2015-ல பேபாலே தனியாப் போய்டுச்சு. அவருக்கு அப்புறம் வந்தவங்க ஸ்டப்ஹப்பையும் சுமார் 405 கோடி டாலருக்கு வித்துட்டாங்க. யூசர் பக்கத்துலேர்ந்து பாத்தா, இபே கிட்டயே இருந்திருந்தா ஏதோ ஒரு மூணு மாச ரிசல்ட் மோசமா வந்த நேரத்துல, 2010-ஓ 2011-ஓ, சத்தமில்லாம சர்வரை நிறுத்தியிருப்பாங்கன்னுதான் எனக்குப் படுது, யாஹூ தன் கைல இருந்த எத்தனையோ சர்வீஸுக்கு அதைத்தான் பண்ணுச்சு. வித்ததால அதுக்கு மேல ஒம்பது வருஷம் ஓடுச்சு, அதுல ரெண்டு வருஷம் ஃபேஸ்புக்கோட மல்லுக்கட்டிக்கிட்டு.